சுவிஸ் மருத்துவக் காப்புறுதியில் குடும்பமாக இணைவது எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்து இரு பிள்ளைகளுடன் சுவிஸில் உள்ள கணவரிடம் செல்லவிருக்கும் நீங்கள், உங்களுக்குச் சலரோகம் இருப்பதால் காப்புறுதி மறுக்கப்படுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அஞ்ச வேண்டாம், அடிப்படைக் காப்புறுதி வழங்கும் எந்த நிறுவனமும் முன்பே இருந்த நோயைக் காரணம் காட்டி எவரையும் மறுக்க முடியாது. மேலதிகக் காப்புறுதிக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது.

நான் வலியுறுத்த விரும்புவது காலக்கெடுவைத்தான். குடியேறி 3 மாதங்களுக்குள் பதிந்தால், சென்றிறங்கிய நாளிலிருந்தே காப்பும் கட்டணமும் கணக்கிடப்படும். பிந்தினால் பதிந்த நாளிலிருந்து மட்டுமே காப்புக் கிடைப்பதுடன், மேலதிகக் கட்டணமும் விதிக்கப்படலாம். குடும்பத்துக்கென ஒரே பத்திரம் அங்கில்லை. பிள்ளைகளையும் தனித்தனியே பதிய வேண்டும்.

அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றுப் பழகிய எமக்கு மாதாந்தக் கட்டணம் பெருஞ்சுமையாகத் தோன்றும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாநில அரசு கட்டணக் கழிவு வழங்குகிறது, அதற்கும் விண்ணப்பியுங்கள்.