காய்ந்த வாழையிலை எப்படிச் சொத்தாகும்? ட்ரோப்ரியாண்ட் தீவுகள் பற்றிக் கேள்வி பதில்

பப்புவா நியூ கினியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: அக்கா, குலா என்றால் என்ன?

ப: படகேறிப் போய்த் தீவுக்குத் தீவு நடத்தும் பரிமாற்றம். சிவப்புச் சிப்பி மாலைகள் வலச்சுற்றாகப் போகும், வெண்சிப்பிக் கைவளைகள் இடச்சுற்றாக வரும். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1922-இல் வெளியிட்ட நூலால் பலருக்கும் தெரிந்ததுதான், அதனால் இதோடு விடுகிறேன்.

கே: மேடம், இதில் பெண்களுக்குப் பங்கே இல்லையா?

ப: குலாப் பயணம் பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்களின் செல்வம் டோபா, அதாவது காய்ந்த வாழையிலைக் கட்டுகள். வாழையிலைக் கீற்றைக் கோடு செதுக்கிய பலகைமேல் வைத்துச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, பல கீற்றுகளைச் சேர்த்து ஒரு முனையில் இறுக்கிக் கட்டுவார்கள். மலினோவ்ஸ்கி அங்கேயே நெடுநாள் தங்கியும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1971-இல் அங்குள்ள பெரிய தீவான கிரிவினாவுக்குப் போன மானிடவியலாளர் அனெட் வைனர்தான் இதன் மதிப்பை விரிவாக எழுதினார். அத்தனை ஆண்டு பெண்களின் உழைப்பு ஏட்டில் ஏறாமல் கிடந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கே: காய்ந்த இலையை வைத்து என்ன செய்வார்கள்?

ப: அதன் இடம் துக்கவீடு. ட்ரோப்ரியாண்ட் மக்களுடையது தாய்வழிச் சமூகம். ஆனால் ஒருவர் இறந்தால் அவருடைய தாய்வழிச் சொந்தங்கள் உடலைத் தொடக்கூடாது. குளிப்பாட்டுவது, சுமப்பது, தலை மழித்துத் துக்கம் காப்பது எல்லாம் தகப்பன் பக்கத்தாரும், கணவன் அல்லது மனைவி பக்கத்தாரும் செய்வது. சில மாதம் கழித்து சகலி என்ற கைம்மாறு கொடுக்கும் சடங்கு நடக்கும். இறந்தவரின் தாய்வழிப் பெண்கள் ஊர் நடுவில் கூடி, பணி செய்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கட்டுகளையும் நார்ப்பாவாடைகளையும் கொடுப்பார்கள். கூடவே இருந்து துக்கம் காத்தவர்களுக்குக் குவியல் பெரிது. வெறும் இலையாகப் பார்த்தால் விலை இல்லைதான். ஆனால் ஒருவரைத் தூக்கிச் சுமந்த கைகளுக்கு ஊர் அறியக் கைம்மாறு செய்ய அவர்களிடம் இருப்பது இதுதான்.

கே: அப்போ ஆண்கள் சும்மா பார்ப்பார்களா அண்ணி?

ப: இல்லை. மனைவியின் அண்ணனோ தம்பியோ விளைவித்த கிழங்கு ஒவ்வோர் அறுவடைக்கும் அவள் வீட்டுக்கு வந்து சேரும். அதைச் சாப்பிடும் கணவன் சகலிக்கு முன் தன் கைப்பொருளைச் செலவழித்து அவளுக்குக் கட்டு சேர்த்துத் தர வேண்டும். கடையில் அரிசியும் புகையிலையும் வாங்கி, அவற்றைக் கொடுத்து வேறு பெண்களிடமிருந்து கட்டு வாங்குவதும் உண்டு.