ஃப்ளூ ஊசிக்கா, சத்து மாத்திரைக்கா: காசை எதில் போடுவது?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. வருடா வருடம் ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார் டாக்டர். “அந்தக் காசுக்கு வைட்டமின் சி, டி வாங்கிக் கொடு, போதும்” என்கிறார் சித்தப்பா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டாக்டர் சொல்வதை. வயதும் சர்க்கரையும் சேர்ந்தவர்களுக்கு ஃப்ளூ நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும்.

வைட்டமின் சி மோகத்தைப் பெரிதாகக் கிளப்பியவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங். அவர் புத்தகம் 1970-ல் வந்தது. பிறகு நடந்த சோதனைகளில், தினமும் சாப்பிட்ட சாதாரண ஆட்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் விட்டது. ஐந்து நாள் சளியென்றால் பத்து மணி நேரம் மிச்சம். மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு மாத்திரையைத் தேடினால் அதுவும் நிச்சயமில்லை. இதெல்லாம் சாதாரணச் சளியின் கணக்கு, ஃப்ளூ வேறு. வைட்டமின் டி-யில் சித்தப்பா பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு: 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2017 ஆய்வில் சுவாசத் தொற்று சிறிது குறைந்தது. பலன் அதிகம் கிடைத்தது, உடலில் அது மிகவும் குறைந்திருந்தவர்களுக்குத்தான். ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் கொடுங்கள், அதற்காக ஊசியை விட வேண்டாம்.

ஊசியும் முழுக் கவசம் அல்ல. பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் ஃப்ளூவோடு டாக்டரிடம் ஓடும் நிலை 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. முதியவர்களிடம் இதைவிடக் குறையலாம். “போட்டும் காய்ச்சல் வந்ததே” என்பவர்களில் பலருக்கு வந்தது வேறு வைரஸ். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அதற்குள் தொற்றினாலும் இதே புகார்தான்.

கேள்வி: மெடிக்கலில் ஃப்ளூ ஊசி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் எந்தப் பருவத்துக்கான மருந்து என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வட, தென் அரைக்கோளங்களுக்கு வருடத்தில் இரண்டு முறை வைரஸ் வகைகளைப் பரிந்துரைக்கிறது. காலாவதி ஆகாத பழைய பருவச் சரக்கும் கடையில் கிடக்கலாம். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் ஃப்ளூ ஏறுவதால், அதற்குச் சில வாரம் முன்பே போடுவது நல்லது. ‘நான்கு வைரஸ் வகைக்கு எதிரான ஊசிதான் உசத்தி’ என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அதில் நான்காவதான பி-யமகட்டா என்ற ஃப்ளூ வைரஸ் வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகத் தென்படவில்லை, மூவகை ஊசியே போதும்.

அடுத்தது குளிர். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பலர் பயப்படுவது சூட்டுக்கு. உறைந்தாலும் மருந்து வீண்தான். ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்துக் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. க்ளினிக் ஃப்ரிட்ஜிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்வது இன்னும் மேல். முதல்முறை போடும் 6 மாதம் முதல் 8 வயதுவரையான குழந்தைக்கு 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. செலவை அப்படியே கணக்கிடுங்கள்.

கேள்வி: 60,000 யூனிட் வைட்டமின் டி-யை வீட்டில் எல்லோரும் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. அது குறைபாடு உள்ளவர்களுக்கு, பெரும்பாலும் வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் பெரியவர்களுக்குத் தினசரி உச்சவரம்பு 4,000 யூனிட். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் வரும்; சிறுநீரகமும் கெடும். இப்படி ஏதாவது தெரிந்தால் மாத்திரையை நிறுத்தி கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.