எறும்புப் புத்துக்கு பிளான் போடறது யாரு? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஒரு வீடியோ பாத்தேன். எறும்புப் புத்துக்குள்ள உருக்குன அலுமினியத்த ஊத்தி, ஆறினதும் சுத்தி இருக்கற மண்ண தோண்டி எடுக்கறாங்க, உள்ள இருந்த ரூம், பாதை எல்லாம் அப்படியே அச்சா வருது. அசந்துட்டேன். இதுக்கெல்லாம் பிளான் போடறது ராணி எறும்பா? மண்ணு ஏன் சரிஞ்சு விழல? எவ்வளவு தோண்டணும்னு எப்படி தெரியுது? நம்மளும் ஊத்திப் பாக்கலாம்னு என் பையன் நச்சரிக்கிறான், ஊத்தலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ராணி உத்தரவெல்லாம் போடறதில்ல. பெரும்பாலான வகைகள்ல அது ஆரம்பத்துல ஒரு தடவ தோண்டறதோட சரி. இணை சேந்து தரையில எறங்கினதும் றெக்கைய உதுத்துட்டு, தனியா ஒரு குட்டிக் குழி பறிச்சு, வாசல அடைச்சுக்கிட்டு உள்ள ஒக்காந்துடும். வெளிய போய் தீனி தேடாது, இனிமே தேவைப்படாத றெக்கைத் தசையும் ஒடம்புல இருக்கற கொழுப்பும் கரைஞ்சு தான் மொத ஈட்டுப் புழுக்களுக்கு சாப்பாடு. அதுங்க வளந்து வேலைக்கார எறும்பா வெளிய வந்ததும் தோண்டற வேலை அதுங்க கைக்கு போயிடுது, ராணி அதுக்கப்புறம் முட்டை போடறது மட்டும் தான்.

அப்ப யாரு தீர்மானிக்கறான்னா, ஏற்கனவே தோண்டின இடம் தான். ஒரு எறும்பு பண்ணி வச்ச மாற்றத்த பாத்து அடுத்தது தன் வேலைய செய்யுது, முழு புத்தும் எந்த எறும்போட தலைக்குள்ளயும் இல்ல. அளவும் அப்படித்தான். ஆள் கூடினா உள்ள நெருக்கடி, நெருக்கடி இருந்தா தோண்டற வேகம் கூடும், இடம் தாராளமானதும் வேகம் தானா கொறஞ்சுடும். ஆய்வுக்கூடத்துல வச்சுப் பாத்தப்பவும் எறும்போட எண்ணிக்கைக்கு தகுந்த மாதிரி தான் புத்தோட கொள்ளளவு வந்துச்சு.

சரிஞ்சு விழாததுக்கு காரணம் ரொம்ப அழகானது. 2021ல அமெரிக்காவுல இருக்கற கால்டெக் பல்கலைக்கழக ஆளுங்க ஒரு டப்பா மண்ணுல 15 எறும்ப விட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு மணல் துகளும் எப்ப வெளிய போச்சுன்னு கணக்கு பாத்தாங்க. துகள உருவ உருவ, மேல இருக்கற பாரம் சுரங்கத்த சுத்தி வளைவு மாதிரி ஒதுங்கிக்குது, சுரங்கத்த ஒட்டி இருக்கற துகள் மேல பாரம் கொறைஞ்சு லூசாகுது, எறும்பு அத எடுத்துட்டுப் போகுது. எறும்புக்கு இந்த பிசிக்ஸ் தெரியணும்னே இல்ல, கைக்கு எளிதா வர்றத எடுத்தாலே சுரங்கம் நிக்கும். எனக்கு இத படிச்சதுலேருந்து எறும்பு மேல மரியாதை ரொம்பவே கூடிருச்சு.

இன்னொண்ணு, எல்லா எறும்பும் சமமா உழைக்கும்னு நெனைக்காதீங்க. நெருப்பு எறும்புகள வச்சு அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல பண்ணின ஆய்வுல (2018) சுமார் 30 சதவீதம் எறும்பு தான் 70 சதவீதம் வேலைய செஞ்சது. ஒத்தையடி சுரங்கத்துல எல்லாரும் ஒரே நேரத்துல நொழஞ்சா டிராஃபிக் ஜாம் ஆயிடும், அதனால முன்னாடி அடைச்சுக்கிட்டு இருந்தா வந்த எறும்பு வெறும் வாயோட திரும்பிடுது. நல்லா உழைச்ச எறும்புகள அவங்க வெளிய எடுத்தப்ப மத்தது வந்து அந்த வேலைய பிடிச்சிருச்சு.

நீங்க பாத்த அச்சு முறைய பெரிய அளவுல ஆராய்ச்சிக்கு கொண்டு வந்தவர் அமெரிக்காவோட ஃபுளோரிடாவுல இருக்கற எறும்பு ஆராய்ச்சியாளர் வால்டர் ஷிங்கெல். அங்க விதை சேக்கற ஒரு எறும்பு வகை கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு தடவ புத்து மாத்தும், புதுசு சில நாள்ல ரெடி, ரெண்டு மீட்டருக்கு மேலயும் ஆழம் போகும். மேல ரூம் நெருக்கமா, கீழ போகப் போக எட்ட எட்ட இருக்கும். அடியில தோண்டின மணல ஒரே எறும்பு மேல வரைக்கும் தூக்கறதில்ல, நடுவுல உள்ள ரூம்ல கொட்டிட்டு போயிடும், அங்கேருந்து வேற எறும்பு எடுத்துக்கும். ஆழத்த, மண்ணுல கீழ போகப் போக கூடற கார்பன் டை ஆக்சைட வச்சு எறும்பு கண்டுபிடிக்குதோன்னு ஷிங்கெல் சந்தேகப்பட்டு, மண்ணுல அந்த அளவையே மாத்திப் பாத்தார், புத்தோட வடிவம் மாறவே இல்ல.

ஆனா நீங்க ஊத்தாதீங்க. ஆராய்ச்சிக்கு ஒரு தேவை இருக்கு, வேடிக்கைக்காக ஒரு காலனியவே உயிரோட கொல்றது கொடுமை. பையனுக்கு ரெண்டு கண்ணாடிய விரலளவு இடைவெளியில நிக்க வச்சு, லேசா ஈரமான மணல நெரப்பி, ஒரே புத்துலேருந்து இருபது வேலைக்கார எறும்ப விடுங்க, கறுப்பு பேப்பர் சுத்தி இருட்டாக்கிட்டு மறுநாள் பிரிச்சு பாருங்க. ராணி இல்லாமலே தோண்டியிருக்கும். பாத்து முடிச்சதும் எடுத்த புத்துலயே விட்டுடுங்க, வேற புத்துல விட்டா அங்க இருக்கறதுங்க கொன்னுடும்.