கிறிஸ்தவளாக இருந்தும் என் விசுவாசத்தைப் பற்றி மற்றவர்களிடம் பேச வாய் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கேள்வியின் கீழே விவரமும் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபை ஐயர் (போதகர்) "சுவிசேஷம் சொல்லுங்கள்" என்கிறார், திங்கட்கிழமை ஆபீஸ் போனால் சுற்றிலும் இருப்பவர்கள் எல்லாம் இந்து, முஸ்லிம் தோழிகள், பேச்சை எடுத்தால் மதம் மாற்ற வந்தவள் என்று நினைத்து விலகிவிடுவார்களோ என்று பயம், பேசாமல் வந்தால் ராத்திரி மனசாட்சி குத்துகிறது. நானும் இதே இடத்தில் பதினைந்து வருஷம் நின்றிருக்கிறேன், அதனால் பிரசங்கம் பண்ணாமல் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம் (தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், இயேசு வளர்ந்த அந்த நாசரேத் இல்லை). பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் சபை வாலிபர் சங்கத்திலிருந்து எங்களைக் கைப்பிரதி (இயேசுவைப் பற்றிய துண்டுப் பிரசுரம்) கொடுக்க அனுப்பினார்கள். வைகாசி விசாக சமயம், திருச்செந்தூர் பாசஞ்சரில் பெட்டி முழுக்கப் பச்சை வேட்டி, பச்சைச் சேலை. நாசரேத்தில் ஏறி ஆறுமுகநேரியில் இறங்குவதற்குள் ஆளுக்கு நூறு பிரதி கொடுத்துவிட வேண்டும் என்று கணக்கு. முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் போய் அதைத் திணித்தது சரியா என்று கேட்டால், இன்றைக்கு என் பிள்ளையை அப்படி அனுப்ப மாட்டேன், ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. முகத்தைப் பார்க்காமல் மடமடவென்று நீட்டிக்கொண்டே போனேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு பாட்டி, வாங்கிக்கொண்டு தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா தாயி, என்ன போட்டிருக்குன்னு நீயே சொல்லேன்" என்று உட்கார இடமும் ஒதுக்கித் தந்தது.

எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருஷா வருஷம் பரிசு வாங்கியவள் நான். "இயேசு சாமி பத்தி போட்டிருக்கு பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடிவிட்டேன்.

அந்தப் பாட்டிதான் கேட்டது, நான் எதையும் தொடங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கையில் பேப்பர் இருந்ததால் வாயைத் திறக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. கைப்பிரதி கொடுக்கிற எல்லாரையும் குறை சொல்லவில்லை, சிலருக்கு அது வாய்க்கிறது. எனக்கு அது ஒளிந்துகொள்ள நல்ல மறைவாக இருந்தது.

இதை என் ஒருத்தியின் கோழைத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்துச் சபைகளில் பொதுவாகவே இப்படித்தான் ஆகிவிட்டது, சுவிசேஷம் சொல்வதை ஆள் வைத்துச் செய்கிறோம். வருஷத்துக்கு ஒரு மிஷனெரி ஞாயிறு, கவருக்குள் ஐந்நூறு ரூபாய் வைத்து ஒட்டிக் கொடுத்தால் கடமை முடிந்தது, வடக்கே யாரோ ஒரு தம்பி காட்டுக்குள் நடந்து போய்ச் சொல்லிக்கொள்வார். இத்தனைக்கும் எங்கள் பக்கத்து ஊர்தான் வெள்ளாளன்விளை. 1874-ல் அங்கே பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் மிஷனெரி ஊழியம் நடத்துவதைப் பார்த்து, திருநெல்வேலிக்காரர்கள் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று வெட்கப்பட்டாராம். அடுத்த வருஷமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அத்தோடு நிற்காமல் 1909-ல் அவரே கிளம்பி, இன்றைய தெலங்கானாவில் இருக்கிற தோர்ணக்கலுக்குப் போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனதெல்லாம் அப்புறம்.

அங்கே அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத, ஊரால் தள்ளிவைக்கப்பட்ட ஏழைகள். அவர்களைத் தங்கள் தலையிலேயே கையை வைத்துக்கொண்டு, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பாராம். முதலில் வேதம் படி, அப்புறம் சொல்லலாம் என்று அவர்களை அவர் காத்திருக்க வைக்கவில்லை. எனக்கு வேதம் சரியாகத் தெரியாது, யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அந்த மனிதர்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

அதே அசரியா 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், அத்தனை வெள்ளைக்கார மிஷனெரிகள் முன்னால் நின்று, நீங்கள் உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று பேசினார். சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார வைக்காதவர்களைப் பார்த்துச் சொன்னது அது. இன்றைக்கு அந்தப் பேச்சு நமக்குத்தான் பொருந்துகிறது. பக்கத்து சீட்டுக்காரியின் அம்மாவுக்கு என்ன உடம்பு என்று தெரியாது, அவள் ஆத்துமாவைப் பற்றி மட்டும் பாரம் வந்துவிடுமாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நர்ஸிங் முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். நைட் டூட்டி முடிந்ததும் உடை மாற்றுகிற அறையில் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குக் கிளம்புவேன். எங்கள் வார்டில் துப்புரவு வேலை பார்த்த அக்கா ஒருவர் உண்டு, என்னைவிட இருபது வயது மூத்தவர், டூட்டியில் "சிஸ்டர்" என்பார், டூட்டி முடிந்தால் "கண்ணு". ஒருநாள் கேட்டார், "ஏன் கண்ணு, தெனமும் இப்படிக் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கறயே, என்ன பண்ற?"

"ஒண்ணுமில்லக்கா, லேசா தலைவலி" என்றேன்.

எதற்கு அந்தப் பொய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த அக்கா என்னை ஒன்றும் பண்ணிவிடப் போவதில்லை. அவர் பாவம், வெளியே போய்த் தன் பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காபி ஊற்றி, ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார், குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். தலைவலியே இல்லாதவள் அந்தக் காரத்தை மடக் மடக்கென்று குடித்தேன். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி அவருடைய சீடர் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே "அவரை அறியேன்" என்று சொன்ன கதையைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது என் தொண்டையில் இறங்கியது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நர்ஸ் என்பதால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எழுந்து போக முடியாதவரிடம் விசுவாசத்தைப் பேசாதீர்கள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிற நோயாளி, உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர், உங்களிடம் மார்க் வாங்க வேண்டிய மாணவன், இவர்களால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பயந்துபோய்க் கிடக்கிற ஆளிடம், இயேசுவை ஏற்றுக்கொண்டால் கட்டி மறைந்துவிடும் என்று பேசுவதை நானே காதால் கேட்டிருக்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவராகக் கேட்டால் வேறு விஷயம், அப்போதும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அதேபோல அடுத்தவர் கும்பிடுகிற சாமியைப் பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு செத்துவிடும், சாகவும் வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் பயப்பட்டிருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை கொடுக்கிறது. இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமைக்குள் வராது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு கைவிடப்பட்டது, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் மாதிரி மாநிலங்களில் கடுமையான சட்டங்கள் இருக்கின்றன, அங்கே வேலை மாற்றிப் போனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி தோழியிடம் "நான் ஏன் ஜெபிக்கிறேன்" என்று சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, தடுப்பதெல்லாம் நம் நாக்குத்தான்.

அடுத்த வருஷம் என் தம்பி பைக் விபத்தில் போய்விட்டான். இருபத்திரண்டு வயது. லீவு முடிந்து திரும்பி வந்தபோது அந்த அக்கா ஒன்றும் கேட்கவில்லை, மதியம் சாப்பாட்டுக்கு மட்டும் தினமும் கூட வந்து உட்கார்ந்தார். ஒரு வாரம் கழித்து, "எப்படி கண்ணு நீ வேலைக்கு வந்து நிக்கற, என் பையனுக்கு ஒண்ணுன்னா நான் எந்திரிக்கவே மாட்டனே" என்றார்.

"ஆண்டவர் தேற்றினார்க்கா."

"தேத்தறதுன்னா?"

மாட்டிக்கொண்டேன். சபையில் எல்லாரும் சொல்கிற வார்த்தை, சொன்னால் எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்பார்கள், யாரும் அதற்கு அர்த்தம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு அப்படி ஒன்றும் தேறிவிடவும் இல்லை. அதனால் உள்ளதைச் சொன்னேன். தினமும் ராத்திரி அழுகிறேன், ஜெபிக்க வார்த்தை வரமாட்டேன் என்கிறது, பைபிளில் 13-ஆம் சங்கீதம் மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும், அதைச் சொல்லிவிட்டுப் படுத்தால் யாரோ கேட்டுக்கொண்டு இருக்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்க்கா, என்றேன்.

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "சாமிகிட்டயே இப்படிக் கேக்கலாமா?"

"கேக்கலாம்க்கா. எழுதியே வச்சிருக்கு."

"நானும் மருதமலைல நின்னு ஒருக்கா இப்படிக் கேட்டுட்டேன் கண்ணு, எம்பட வீட்டுக்காரரு போனப்ப. அப்புறம் பயந்துட்டுக் கன்னத்துல போட்டுட்டு வந்துட்டேன்."

அன்றைக்கு அரைமணி நேரம் பேசினோம், முக்கால்வாசி அவர்தான் பேசினார். என் வாழ்க்கையில் நான் விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்டேன் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய முதல் நாள் அது. வெற்றிச் சாட்சி சொல்லத்தான் நமக்குப் பழக்கம், வேலை கிடைத்தது, விசா வந்தது, கேன்சர் போனது என்று. அப்படி எதுவும் இல்லாதவர்கள் நமக்கென்ன சாட்சி இருக்கிறது என்று வாயை மூடிக்கொள்கிறோம். உங்களிடமும் தேறாத ஒன்று இருக்கும், அதை ஆண்டவரிடம் எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்பதை, கேட்கிற தோழிக்கு, சபைத் தமிழ் இல்லாமல், அவள் வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லிப் பாருங்கள். இரட்சிப்பு, அபிஷேகம், பாரம் இதெல்லாம் வந்தால் நிறுத்திவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களையே கேளுங்கள், பாதிக்கு நமக்கே தெரிந்திருக்காது. யாரும் கேட்பதே இல்லை என்றால், அவர்கள் கஷ்டத்தை நீங்கள் கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள்.

அக்கா கிறிஸ்தவர் ஆனாரா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். இல்லை. கிருத்திகைக்கு மருதமலை போகிறார், கிறிஸ்மஸுக்கு என்னோடு ஆலயத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேக் வாங்கிக்கொண்டு போகிறார். அவருக்காக ஜெபிக்கிறேன், அதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன், "பண்ணு கண்ணு" என்றார்.

போன மாதம் ராத்திரி ஒரு மணிக்கு போன். மகளுக்குப் பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது, தியேட்டருக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் டாக்டர் யார், எத்தனை வாரம் என்று நர்ஸாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். குறுக்கே மறித்து, "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, அந்த எதுவரைக்கும்னு வருமே, அத ஒருக்கா சொல்லு" என்றார். டூட்டி ரூமுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து, சத்தம் கேட்காமல், முதல் வசனத்திலிருந்து மெதுவாக வாசித்தேன்.