இரண்டு மீனாக்கள், ஒரு மெயில் ஐடி

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் நிறுவனத்தில் முப்பது பேர் இருக்கிறோம். தொடங்கியபோது நாலே பேர் என்பதால் வெறும் பெயரிலேயே மெயில் ஐடி கொடுத்துவிட்டோம். இப்போது இரண்டாவதாக ஒரு மீனா வேலைக்குச் சேர்கிறார். அவருக்கு 'மீனா2' என்று கொடுத்தால் போதுமா, இல்லை எல்லாருக்கும் ஒரே முறையில் மாற்றிவிடலாமா? மாற்றினால் எந்த முறை நல்லது?"

'மீனா2' வேண்டாம். எண்ணை வைத்து எந்த மீனா என்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அவசரத்தில் இருப்பவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டுவார், மேலே வரும் மீனாவைத் தேர்ந்தெடுப்பார், அனுப்பிவிடுவார். கணக்குப் பிரிவு மீனாவுக்குப் போக வேண்டிய சம்பளப் பட்டியல் விற்பனைப் பிரிவு மீனாவின் கையில் இருக்கும். பிறந்த வருடத்தைச் சேர்ப்பதும் இதே கதைதான். கூடவே வயதையும் ஊருக்குச் சொல்லிவிடும்.

முப்பது பேர் என்பது மாற்றுவதற்கு நல்ல நேரம். முந்நூறு பேரான பிறகு இது பெரிய வேலை. என் பரிந்துரை: பெயர், ஒரு புள்ளி, அப்புறம் இரண்டாம் பெயர். இரண்டாம் பெயர் என்றால் குடும்பப் பெயர்தான் என்று அடம்பிடிக்காதீர்கள். குடும்பப் பெயரே இல்லாதவர்கள் உலகில் ஏராளம். இனிஷியல் மட்டும் உள்ளவருக்கு 'மீனா.எஸ்' என்று கொடுத்துவிடலாம். பெயரின் முதல் எழுத்தையும் குடும்பப் பெயரையும் ஒட்டிவைக்கும் முறை பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரே குடும்பப் பெயர் பலருக்கு இருந்தால் சீக்கிரமே மோதும். ஒட்டிப் படிக்கும்போது சிலருக்கு அசிங்கமான சொல்லாகவும் அமைந்துவிடும், பாவம்.

எழுத்துக்கூட்டலை அந்த நபரிடமே கேளுங்கள், அதுவும் வேலையில் சேரும் நாளுக்கு முன்பே. சான்றிதழில் ஒரு பெயர், எல்லாரும் கூப்பிடுவது இன்னொரு பெயர் என்றால், கூப்பிடும் பெயரே மெயிலுக்குச் சரி.

அண்டர்ஸ்கோர் வேண்டாம், இணைப்பாகக் காட்டும்போது அடிக்கோட்டில் மறைந்துபோகும், போனில் சொல்லிப் புரியவைப்பதும் பாடு. புள்ளியிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இலவச ஜிமெயில் புள்ளியைக் கண்டுகொள்ளாது. நிறுவனத்தின் சொந்த டொமைனில் ('@' குறிக்குப் பின்னால் வரும் பெயர்) ஓடும் கூகுள் வொர்க்ஸ்பேஸில், அதாவது நிறுவனங்களுக்கான கூகுள் மெயில் சேவையில், புள்ளி கணக்கில் வரும். ஜிமெயில் பழக்கத்தில் புள்ளியை விட்டு அனுப்பினால் மெயில் போய்ச் சேராது. அதனால் புள்ளி இல்லாத வடிவத்தையும் அதே ஆளுக்கு அலியாஸாக, அதாவது அதே பெட்டிக்கு வந்து சேரும் இன்னொரு முகவரியாகக் கொடுத்துவிடுங்கள். வொர்க்ஸ்பேஸில் ஒருவருக்கு 30 அலியாஸ் வரை இலவசம்.

பழைய 'மீனா' முகவரி ஏற்கெனவே விசிட்டிங் கார்டில் இருக்கிறது. அது முதல் மீனாவுக்கே அலியாஸாக இருக்கட்டும். ஆனால் இனி யாருக்கும் ஒற்றைப் பெயர் முகவரி கிடையாது, முதலாளியின் மகனுக்கும்கூட. மெயிலில் தெரியும் பெயரையும் கவனியுங்கள். முகவரியை யார் படிக்கிறார்கள்? கண்ணில் படுவது அந்தப் பெயர்தான். 'மீனா எஸ் (கணக்கு)', 'மீனா ஆர் (விற்பனை)' என்று பிரிவோடு போட்டாலே தவறிப்போகும் மெயில்கள் பெரும்பாலும் நின்றுவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். வேலையை விட்டுப் போனவரின் முகவரியை வேறொருவருக்குக் கொடுக்கவே கூடாது. நாளை முதல் மீனா போய்விட்டார், மூன்றாவதாக ஒரு மீனா.எஸ் வருகிறார், முகவரி சும்மாதானே கிடக்கிறது என்று அட்மின் அதையே கொடுக்கிறார் என்று வையுங்கள். பழைய மீனா அந்த முகவரியை வைத்து வெளியே எத்தனையோ தளங்களில் பதிவு செய்திருப்பார். அங்கே 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் மாற்றும் இணைப்பு புதிய மீனாவுக்கு வரும். கெட்ட எண்ணமே தேவையில்லை. பழைய ஆளின் மருத்துவ அறிக்கையோ வங்கிக் கடிதமோ தானாகவே வந்து விழும். ஆகவே மூன்றாவது மீனாவுக்கு இரண்டாம் பெயரை முழுதாக எழுதிக் கொடுங்கள். நீளத்துக்குப் பயப்பட வேண்டாம், '@' குறிக்கு முன்னால் 64 எழுத்து வரை விதி அனுமதிக்கிறது.

போனவரின் கணக்கை உடனே அழித்துவிடவும் வேண்டாம். அழித்த பிறகு வொர்க்ஸ்பேஸில் 20 நாள், மைக்ரோசாஃப்டின் அதுபோன்ற சேவையான மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாள் வரைதான் மீட்க முடியும். முதலில் பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் லாகின்களை மூடி, வரும் மெயிலை மேலாளருக்குத் திருப்பிவிடுங்கள்.

இந்தத் தலைவலியில் பாதி, வாடிக்கையாளருக்கு ஆள் பெயரில் முகவரி கொடுப்பதால் வருவது. விற்பனை, கணக்கு, உதவி என்று பொறுப்பின் பெயரில் முகவரி வைத்து அதை வெளியே கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் பலர் சேர்ந்து பார்க்கும் ஷேர்டு மெயில்பாக்ஸ் 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் இல்லாமலே கிடைக்கும். வொர்க்ஸ்பேஸில், வரும் மெயிலைப் பலருக்கும் சேர்க்கும் குரூப் உருவாக்கிக்கொள்ளலாம். மெயில் கோளாறுகளைச் சொல்ல 'போஸ்ட்மாஸ்டர்', தவறான பயன்பாட்டைப் புகார் செய்ய 'அப்யூஸ்' என்ற இரண்டு முகவரிகளுக்கு வருவதையும் யாராவது படிக்க வேண்டும். பொறுப்பு முகவரிகளுக்கான பொதுப் பெயர்களை 1997-லேயே ஆர்எஃப்சி 2142 என்ற இணைய விதி ஆவணத்தில் வரையறுத்துவிட்டார்கள்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். அதற்கான தொழில்நுட்ப விதி 2012-இல் வந்துவிட்டது. ஆனால் பல இணையப் படிவங்கள் இன்னும் அதை ஏற்பதில்லை. ஆசைக்குக் கூடுதல் முகவரியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மாற்றும் நாளில் மெயில் பெரும்பாலும் தொந்தரவு தராது. வொர்க்ஸ்பேஸில் முகவரியை மாற்றினால் பழையது தானாகவே அலியாஸாகிவிடும். கவனிக்க வேண்டியது, அந்த மெயில் ஐடியைக் கொண்டு உள்ளே நுழையும் மற்ற மென்பொருள்களை: விடுப்பு, சம்பளம், வாடிக்கையாளர் விவரம் போன்றவை. அவற்றில் சில மெயில் ஐடியையே ஆளின் அடையாளமாக வைத்திருக்கும். ஐடி மாறியதும் புது ஆள் வந்ததாக நினைத்துக் காலிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடும். பழைய கணக்கில் இருந்ததெல்லாம் காணாமல் போனது போலத் தெரியும். அதனால் முதலில் உங்கள் ஐடியை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மென்பொருளிலும் ஒருமுறை நுழைந்து பாருங்கள். எதில் சிக்குகிறதோ, அதன் அட்மின் பக்கத்தில் எல்லாருடைய ஐடியையும் கையால் திருத்திய பிறகு மற்ற இருபத்தொன்பது பேருக்கும் தேதி சொல்லுங்கள்.