தண்டர்பேர்டில் இன்பாக்ஸ் அளவு குறையாததற்கு

தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையின் மெயில்களை வாடிக்கையாளர் வாரியாக ஃபோல்டர்களில் பிரித்தும் டிஸ்க்கில் இடம் மிச்சமாகவில்லை, மெயிலைத் தானாகப் பிரிக்கும் ஃபில்டரும் பழைய மெயிலைத் தொடவில்லை என்கிறீர்கள். இரண்டுமே கோளாறு இல்லைங்க.

தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில்கள் முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும். நகர்த்தியவையும் அழித்தவையும் அடையாளம் மட்டும் இடப்பட்டு அதிலேயே கிடக்கும். இன்பாக்ஸில் ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுத்தால்தான் இடம் காலியாகும். அதற்கு முன் தண்டர்பேர்டை மூடிவிட்டு, மெயில்களும் செட்டிங்குகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை நகல் எடுத்துவிடுங்கள். சீசன் ஆர்டர் எல்லாம் அதில்தானே இருக்கிறது.

ஃபில்டர் பொதுவாகப் புதிதாக வரும் மெயிலுக்குத்தான். பழையதற்கு டூல்ஸ், அப்புறம் மெசேஜ் ஃபில்டர்ஸ் போய், இன்பாக்ஸைத் தேர்ந்து 'ரன் நவ்' அழுத்துங்கள்.

ஐமேப் கணக்கென்றால் (மெயில் சர்வரிலேயே இருந்து போனிலும் கணினியிலும் தெரியும் வகை), கணினியில் மட்டும் இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே நகர்த்தவே வேண்டாம். சர்வரிலிருந்து போய்விடும், வெளியே இருக்கும்போது போனில் தேடினால் கிடைக்காது.