அணை கட்டிய பிறகும் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: அணை, நெடுஞ்சாலை போன்ற பெரிய திட்டங்களுக்கு முன்னாடியே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்துவிடுகிறார்களே, அப்புறம் தணிக்கை எதற்கு?

பதில்: மதிப்பீட்டில் இருப்பது கணிப்பு. அது பலித்ததா, தருவதாகச் சொன்ன பாதுகாப்பெல்லாம் தரப்பட்டதா என்று கட்டி முடித்த பிறகு போய்ப் பார்ப்பதுதான் தணிக்கை. 1970 ஜனவரி 1-இல் அமெரிக்காவில் சட்டமான தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்திலிருந்து மதிப்பீடு உலகமெங்கும் பரவியது, ஆனால் தணிக்கை இன்னும் பல இடங்களில் பேருக்குத்தான் நடக்கிறது, இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. எல்லை தாண்டிய பாதிப்புகளுக்கான 1991 எஸ்போ ஒப்பந்தம்கூட, திட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேண்டுமா என்பதை நாடுகளே முடிவு செய்யட்டும் என்றுதான் விட்டிருக்கிறது.

எகிப்தின் அஸ்வான் உயர் அணையைப் பாருங்கள். 1970-இல் கட்டி முடித்தார்கள், நைல் கொண்டுவந்த வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கழிமுகக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே போகிறது. இந்த மாதிரி பாதிப்பு வருஷக்கணக்கில் மெதுவாக வரும், திறப்பு விழா அன்று யார் கண்ணிலும் படாது.

சரி, தணிக்கை அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் அடிப்படைத் தரவைத் தேடுங்கள். வேலை தொடங்கும் முன் அந்த ஆற்றின் நீர், மீன், நிலத்தடி நீர்மட்டம் எப்படி இருந்தன என்ற பதிவே இல்லையென்றால், அல்லது ஒரே பருவத்தில் மட்டும் அளந்திருந்தால், எதோடு ஒப்பிடுவது? நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதாது, எத்தனை பிழைத்தன என்று கேளுங்கள். தணிக்கையாளருக்குச் சம்பளம் தருவது திட்டத்தை நடத்துபவரா என்பதையும் கட்டாயம் பாருங்கள்.